ரயிலில் போன மஞ்சப்பை! உள்ளே 7 கடை கணக்கு!

சென்னை,

இரவு 8½ மணி. சென்ட்ரல் மூர்மார்க்கெட் வளாகத்தில் இருந்து புறப்பட்ட அரக்கோணம் மின்சார ரயில் அம்பத்தூரில் நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினார் ஒரு கணக்கர். பிளாட்பாரத்தில் நாலு எட்டு வைத்த பிறகுதான் கையைப் பார்த்தார். பை இல்லை!

திரும்பிப் பார்ப்பதற்குள் ரயில் போய்விட்டது.

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த சம்பவம் இது. பையில் இருந்தது தங்கமும் இல்லை, பணமும் இல்லை. ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சார்ஜர், ஸ்லேட்டு அளவில் ஒரு குட்டி கம்ப்யூட்டர். அவ்வளவுதான். பழைய சாமான் கடையில் போட்டால் ஆயிரம் ரூபாய் தேறுமா என்பதே சந்தேகம்.

ஆனாலும் மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. மண்ணடி, பாரிமுனை வட்டாரத்தில் உள்ள 7 கடைகளின் வரவு-செலவு கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. வருடக் கடைசி வேறு!

குட்டி கம்ப்யூட்டர் வந்த கதை

இந்த மாதிரி மெஷினுக்கு "நெட்புக்" என்று பெயர். 2007 அக்டோபரில் தைவான் நாட்டு அசுஸ் கம்பெனி "ஈ பிசி 701" என்ற மாடலை இறக்கியது. 7 அங்குல திரை. எடை ஒரு கிலோ கூட இல்லை. சேமித்து வைக்க 4 ஜி.பி. இடம். சி.டி. போட வழி கிடையாது. ஆனால் விலை குறைவு. ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

2008-ல் இன்டெல் கம்பெனி "ஆட்டம்" என்ற சிக்கன சிப்பைக் கொண்டு வந்தது. ஏசர், டெல், எச்.பி., சாம்சங் என்று ஆளுக்கு ஆள் நெட்புக் விற்றார்கள். 2010-ல் ஐபேட் வந்தது. செல்போன் திரையும் பெரிதானது. 2013 தொடங்கும்போது நெட்புக் வியாபாரம் படுத்துவிட்டது.

நமது கணக்கர் 2009-ல் ரிச்சி தெருவில் ஒன்றை வாங்கினார். 10 அங்குல திரை, 1 ஜி.பி. மெமரி, 160 ஜி.பி. டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்.பி.

அவர் கூறியதாவது:-

"பெரிய லேப்டாப் வாங்க அப்போ வசதி இல்லே. காலையில மூணு கடை, சாயங்காலம் நாலு கடைன்னு சுத்தணும். கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு முழம் இடம்தான் கிடைக்கும். அதுல இது ஜம்முன்னு உட்கார்ந்துடும். அந்த வருஷங்கள்ல கரண்ட் கட் எப்படி இருந்துச்சு! கடையே இருட்டா இருக்கும். என் திரை மட்டும் எரியும்."

பேரேடு, சரக்கு இருப்பு, பாக்கிதாரர்களுக்கு தமிழில் கடிதம் எல்லாம் அதில்தான். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர் என்பதால், பழைய டைப்ரைட்டர் முறையிலேயே விரல்கள் ஓடும்.

தொல்லையும் உண்டு. பட்டன்கள் சின்னது, ஒன்றை அழுத்தினால் இரண்டு விழும். திரையின் உயரம் 600 புள்ளிதான். சில பெட்டிகளில் "ஓகே" பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அதை மேலே இழுக்கும் வித்தை தெரியாமல் ஒரு மாதம் திண்டாடினாராம்!

வந்தது கண்டம்!

2014 ஏப்ரல் 8-ந்தேதி எக்ஸ்.பி.க்கு பாதுகாப்பு ஒட்டுப் போடுவதை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. 2016-ல் குரோம் பிரவுசரும் கைவிட்டது. ஒவ்வொரு வெப்சைட்டாக திறக்க மறுத்தது.

"தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார்கள் எல்லோரும்.

2017-ல் ரிச்சி தெரு மெக்கானிக் ஒருவர் வேறு யோசனை சொன்னார். மெமரியை 2 ஜி.பி. ஆக்கினார். அந்த மெஷினில் அதற்கு மேல் ஏறாது. சுழலும் டிஸ்கை கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினார். காசு கொடுக்க வேண்டாத லினக்ஸை ஏற்றினார்.

"குதிரையாட்டம் ஓடலே. ஆனா நொண்டாம நடக்குது" என்று சிரிக்கிறார் கணக்கர்.

சினிமா பார்க்க இது லாயக்கில்லை. இன்டர்நெட்டில் நாலு பக்கம் சேர்ந்தாற்போல் திறந்தால் மூச்சு வாங்கும். அதனால் எல்லை கட்டி வைத்திருக்கிறார். ஜி.எஸ்.டி. கணக்கைக் கூட்டிப் பெருக்குவது இதில். அதை அனுப்புவது ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில். பாங்க் பணப் பரிமாற்றம்? "அதுக்கு இதைத் தொடவே மாட்டேன்!"

பை கிடைத்தது

அன்று இரவு ரயில்வே உதவி எண் 139-க்கு போன் போட்டார். அரக்கோணத்தில் ரயில்வே பாதுகாப்பு படையினர் பெட்டியைச் சோதித்தார்கள். மேல் பலகையில் மஞ்சப்பை அப்படியே இருந்தது!

மறுநாள் காலை ஓடிப்போய் நின்றார். "உள்ளே என்னென்ன இருக்கு?" என்று கேள்வி.

"மூடி மேல முருகன் படம் ஒட்டியிருக்கும். கியூ எழுத்து பட்டன் உடைஞ்சிருக்கும். டிபன் பாக்ஸ்ல பாதி எலுமிச்சம் சாதம்" என்றார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு பையைக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த ஒரு ராத்திரி அவர் கண் மூடவில்லை.

"கணக்கு போச்சேங்கிற கவலை பாதிதான். வீட்ல பென் டிரைவ்ல ஒரு காப்பி இருந்துச்சு. அதுவும் ஒரு வாரம் பழசு. மீதி கவலை வேற. ஏழு முதலாளிங்களோட பான் நம்பர், பாங்க் அக்கவுண்ட் நம்பர் எல்லாம் அதுல இருக்கு. எவன் கையிலயாவது சிக்கினா, நான் யார் முகத்துல முழிக்கிறது?"

"பாஸ்வேர்டு இருக்கே" என்று மனதைத் தேற்றிக்கொண்டாராம். மெக்கானிக் அதையும் உடைத்துவிட்டார்.

"பாஸ்வேர்டு வாசக்கதவு மாதிரிங்க. நாலு ஸ்குரூவைக் கழட்டி, டிஸ்கை உருவி, வேற மெஷின்ல மாட்டினா எல்லாத்தையும் படிச்சிடலாம். மொத்த டிஸ்குக்கும் ரகசியப் பூட்டு போடணும்" என்றார்.

இப்போது பூட்டு போட்டாகிவிட்டது. மெஷின் இன்னும் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. பென் டிரைவ் காப்பி தினமும் இரவு எடுக்கப்படுகிறது. அதற்கும் பூட்டு உண்டு.

பழைய மெஷின் வாங்குகிறீர்களா?

மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்ந்துவிடக் கூடாது. பில் கேளுங்கள். திருட்டுச் சரக்கு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்துக்கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பை யாராவது விலை பேசினால், நடையைக் கட்டுங்கள். அது விற்பனைக்கு அல்ல.

பேட்டரி உப்பி இருந்தால் தொடாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. 32 பிட் மெஷினா என்றும் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸை அப்படிப்பட்ட மெஷினில் புதிதாக ஏற்ற முடியாது.

உங்கள் பழைய மெஷினை விற்பதாக இருந்தால், டிஸ்கை சுத்தமாக அழித்த பிறகு கொடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்கை கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். கம்ப்யூட்டர் மூலம் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

இப்போது 6!

பை கிடைத்த அன்றே கணக்கர் ஒரு காரியம் செய்தார். ஏழு கடைக்கும் போனார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆறு முதலாளிகள், "கிடைச்சுதே, அது போதும்" என்றார்கள். ஒருவர் மட்டும் காபி வாங்கிக் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க. ஏப்ரல்லேர்ந்து வேற ஆள் பார்த்துக்கிறேன்" என்றார்.

பதினோரு வருட பழக்கம்.

"அவர் மேல தப்பு இல்லே. அது அவர் வீட்டுக் கணக்கு" என்கிறார் கணக்கர்.

மஞ்சப்பை இன்னமும் தினமும் ரயிலில் வருகிறது. மேல் பலகையில் வைப்பது கிடையாது. மடியில்தான்.