பூஜை அறைக்கு லட்சுமியை அழைத்து வந்த ஓவியர்

செவ்வாப்பேட்டையில் ஒரு வீட்டின் பூஜை அறையை எட்டிப் பாருங்கள். தாமரை மேல் நின்றபடி, மேல் கைகள் இரண்டிலும் தாமரை ஏந்தி, பக்கத்தில் யானையோடு லட்சுமி இருப்பாள். பெரும்பாலும் காலண்டர் படமாகவோ, கண்ணாடி போட்ட படமாகவோ இருக்கும். வரைந்தவர் பெயர் அதில் இருக்காது. ஆனால், அந்த முகத்துக்கும் புடவைக் கட்டுக்கும் மூலம் தேடிப் போனால், 19-ம் நூற்றாண்டின் ஒரு ஓவியரிடம்தான் போய் நிற்போம். அவர், ராஜா ரவிவர்மா.

1848-ல் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தவர் ரவிவர்மா. சிறுவன் சுவரில் கரியால் கிறுக்குவதைப் பார்த்த தாய்மாமன் ராஜராஜ வர்மா, திட்டாமல் வரையக் கற்றுக்கொடுத்தார். மாமாவுக்குத் தெரிந்தது தஞ்சாவூர் பாணி. ரவிவர்மாவுக்கோ, மேல்நாட்டு எண்ணெய் வண்ணத்தின் மீது ஆசை.

அரண்மனையில் அந்த வித்தை தெரிந்தவர், மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயுடு. அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். 1868-ல் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும், தான் வரைவதைப் பார்க்க மட்டுமே அனுமதித்தார். ரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1873-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அரண்மனையிலிருந்து அச்சகத்துக்கு...

அதன் பிறகு மன்னர்களும் திவான்களும் ஓவியம் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஆனால், ஒரு ஓவியம் ஒரு மாளிகைக்குத்தானே போகும்? கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ், ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பும் யோசனையைச் சொன்னார். 1894-ல் பம்பாயில் தம்பி ராஜராஜ வர்மாவுடன் சேர்ந்து அச்சகம் தொடங்கினார் ரவிவர்மா. ஜெர்மன் இயந்திரங்கள், ஜெர்மன் தொழில்நுட்பக் கலைஞர்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாளை ஒவ்வொரு கல்லாக அழுத்தி எடுத்தால்தான் ஒரு லட்சுமி முழுமையாவாள்.

அந்தக் காலத்தில் கோயிலுக்குள் நுழையவே பலருக்கு அனுமதி கிடையாது. ரவிவர்மா பிறந்த திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவு திறந்தது 1936-ல்தான். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, சாதி கேட்காமல் வீடு தேடிப் போகும் தெய்வங்களை அந்த அச்சகம் உருவாக்கத் தொடங்கிவிட்டது.

லாபம் மட்டும் வரவில்லை. பிளேக் நோய் பம்பாயை உலுக்க, அச்சகம் லோனாவாலா அருகே மளவ்லிக்கு இடம் மாறியது. நஷ்டம் தாங்காமல், கடைசியில் அங்கு பணியாற்றிய ஜெர்மானியர் ஷ்லெய்ச்சரிடமே அதை விற்றுவிட்டார் ரவிவர்மா.

புகழுக்கும் சோதனை வந்தது. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்து கல்கத்தாவுக்குப் போன ஈ.பி.ஹாவெல், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி போன்றோர், `இது மேல்நாட்டு பாணியின் நகல். இந்தியக் கலையின் ஆன்மா இதில் இல்லை' என்ற ரீதியில் விமர்சித்தார்கள். அஜந்தா, முகலாய ஓவிய மரபுகளைத் தேடிப்போன அபனீந்திரநாத் தாகூரின் வங்காள பாணி எழுந்தது அந்தச் சூழலில்தான். 1906-ல் ரவிவர்மா மறைந்தார்.

விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும், 1979-ல் அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வங்களாக அறிவித்தது மத்திய அரசு. மூல ஓவியங்களை வெளிநாட்டுக்கு விற்க முடியாது.

செவ்வாப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்தால், ரவிவர்மாவின் மூல ஓவியங்களைப் பாதுகாக்கும் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் பக்கத்தில்தான். அடுத்த வெள்ளிக்கிழமை லட்சுமி படத்துக்குப் பூ வைக்கும்போது, மறைந்திருந்து வித்தை கற்ற அந்தப் பையனையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளலாம்!