ரேம் மாற்றக் கடைக்குப் போக வேண்டுமா?

பிள்ளைகள் படிக்கும் கம்ப்யூட்டர் திணறினால் புதிது வாங்க வேண்டும் என்றே நினைக்கிறோம். பல நேரங்களில் கூடுதல் ரேம் போட்டாலே போதும். அதை நாமே மாட்டலாமா, கடையில் கொடுக்கலாமா?

முதலில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' பகுதியைப் பாருங்கள். வேலை செய்யும்போது அது எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் பற்றவில்லை என்று பொருள். காலி ஸ்லாட் உண்டா என்பதும் அங்கேயே தெரியும். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ரேம் பொருந்தாது. எனவே பழைய ரேமின் வகையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

டெஸ்க்டாப் என்றால் நாமே மாட்டிவிடலாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்க வேண்டும். ரேமில் உள்ள வெட்டை ஸ்லாட்டின் மேட்டுக்கு நேராக வைத்து, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தினால் வேலை முடிந்தது.

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. மற்ற லேப்டாப்களில் மூடியைக் கழற்றப் பயமாக இருந்தால் கடையில் கொடுப்பதே நல்லது.

ஆனால் ரேம் மாட்ட பாஸ்வேர்டு தேவையில்லை. நம் குடும்பப் படங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. கண்ணெதிரே மாட்டச் சொல்லி, கையோடு வாங்கி வருவோம்.