தைலம் தேய்த்தால் மட்டும் போதுமா?

எங்கள் பேத்துப்பாறையில் பூண்டுக்குக் களை எடுப்பது, அறுத்துக் கட்டுவது, விறகு சுமப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கைதான். வீட்டுக்கு வந்தால் துணி பிழிய வேண்டும், மாவு பிசைய வேண்டும். அப்புறம், "முழங்கை விண்ணு விண்ணுனு தெறிக்குது", "தோளைத் தூக்க முடியலை" என்று சொல்லாமல் இருப்போமா? உடனே கை தேடுவது யூகலிப்டஸ் தைலத்தைத்தான்.

முழங்கையின் வெளிப்பக்கம் வரும் இந்த வலிக்கு 'டென்னிஸ் எல்போ' என்று பெயர். டென்னிஸ் மட்டையையே பார்க்காத நமக்கும் வரும்! சதையை எலும்போடு இணைக்கிற தசைநாண், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் நைந்து போகிறது.

தைலமும் பாமும் தோலில் சூடு, குளிர்ச்சி காட்டி வலியை மறக்கடிக்கும், நாணைச் சரியாக்காது. டைக்ளோஃபினாக் ஜெல் சற்று உள்ளே இறங்கும். முழங்கை நாண் தோலுக்கு அருகில் இருப்பதால் சில வாரம் வலி குறையலாம். தோள் நாண் ஆழத்தில் இருப்பதால் மருந்து அவ்வளவாக எட்டாது. மாத்திரையைவிட ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் வயிற்றுக்குத் தொந்தரவு குறைவு.

ஆனாலும் கவனம் தேவை. புண் மேல் தடவாதீர்கள். தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ, இறுக்கமான கட்டோ கூடாது. கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜெல்லோ பாமோ தொட வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா பச்சைப் பூண்டை அரைத்து முழங்கையில் கட்டி, தோல் வெந்து கொப்புளமாகிவிட்டது. வலி போகவில்லை, புண்தான் மிச்சம்! யூகலிப்டஸ் தைலத்தைக் குழந்தைகள் கொஞ்சம் குடித்தாலே வலிப்பு வரலாம். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நாண் தேற வேண்டுமானால் பாரம் குறைய வேண்டும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதை வீட்டு ஆண்களிடம் விடுங்கள். பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். வலி சற்றுக் குறைந்ததும், மேஜை மேல் முன்கையை வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளங்கை கீழ்நோக்கிப் பிடித்து, மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்கும் பயிற்சியைக் கற்றுக்கொண்டு செய்யலாம். தோள் இறுகிப் போனால் சர்க்கரையும் பரிசோதித்துப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும்.

"பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், தோழிகளே. ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் இன்னொரு டியூப் வாங்காமல் டாக்டரிடம் போங்கள். நம் கை நின்றால் வீட்டு அடுப்பும் நின்றுவிடும்!

— ஒரு வாசகி, பேத்துப்பாறை, கொடைக்கானல்.