தோலை உரித்தாலும் துளிர்க்கும் மரம்!

நல்ல ரக ஷட்டில்காக்கின் தலைப்பகுதி எதனால் ஆனது? கிரிக்கெட் பந்தைப் பிரித்தால், நூல் சுற்றுகளுக்கு நடுவே இருப்பது என்ன? இரண்டுக்கும் ஒரே பதில்தான்... தக்கை! அது 'கார்க் ஓக்' என்ற மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல், பட்டையை மட்டும் உரித்து எடுக்கிறார்கள்.

போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா போன்ற நாடுகள்தான் இதன் தாயகம். உலகின் தக்கையில் ஏறக்குறைய பாதியைத் தருவது போர்ச்சுகல். 2011-ல் இதைத் தன் தேசிய மரமாகவே அறிவித்துவிட்டது அந்த நாடு.

எப்படி அடையாளம் காண்பது?

ஓக் என்றாலே பலருக்கு இலையுதிர் காலம்தான் நினைவுக்கு வரும். இதுவோ ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும். இலை சிறியது, தடித்தது. ஓரத்தில் சிறு முட்கள். மேல்புறம் கரும்பச்சை, திருப்பினால் வெளிறிய சாம்பல் நிறம்.

ஆனால், இலையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பக்கத்திலேயே வளரும் 'ஹோம் ஓக்' மரத்துக்கும் கிட்டத்தட்ட இதே இலைதான். எனவே, அடிமரத்தைப் பாருங்கள். ஹோம் ஓக்கின் பட்டை மெல்லியது, சிறு சிறு சதுரங்களாக வெடித்திருக்கும். கார்க் ஓக்கின் பட்டையோ தடிமனாக, ஆழமான பள்ளங்களோடு இருக்கும். அழுத்தினால் லேசாக அமுங்கும். சமீபத்தில் உரித்த மரம் என்றால், அடிமரம் செக்கச்செவேல் என்றிருக்கும்!

மரத்தில் ஓர் எண்

போர்ச்சுகலில் இன்னொரு அடையாளமும் உண்டு. அடிமரத்தில் வெள்ளை பெயின்ட்டில் ஓர் எண் எழுதியிருப்பார்கள். '4' என்றால் 2024-ல் உரித்தது என்று அர்த்தம். 9 ஆண்டுகள் ஆகும்வரை, அதாவது 2033 வரை யாரும் தொடக்கூடாது. இது சட்டம்.

கோடையில்தான் உரிப்பார்கள். அப்போதுதான் பட்டை எளிதாகக் கழன்று வரும். வேலை பெரும்பாலும் கைக்கோடரியால்தான். கோடரி கொஞ்சம் ஆழமாக இறங்கி உள்பட்டையில் காயம் பட்டால், மரத்துக்கே ஆபத்து. உள்பட்டை பத்திரமாக இருந்தால், தக்கை மறுபடி வளரும். 1783-ல் நட்ட ஒரு மரம், இருபது முறைக்கு மேல் உரித்தும் இன்னும் பசுமையாக நிற்கிறது!

பொறுமையின் விலை

கன்று நட்டு, முதல் பட்டை எடுக்கவே சுமார் 25 ஆண்டுகள் ஆகும். முதல் இரண்டு முறை கிடைப்பது பாட்டில் மூடிக்கு உதவாது. மூன்றாம் முறைதான் தரமான தக்கை. கூட்டிப் பாருங்கள்... 43 ஆண்டுகள்! நட்டவருக்குப் பலன் கிடைப்பது சந்தேகம்தான். பிள்ளைகளுக்காக, பேரப்பிள்ளைகளுக்காகத்தான் நடுகிறார்கள்.

இந்தப் பொறுமைக்குத்தான் இப்போது சோதனை. பாட்டில்களுக்கு பிளாஸ்டிக் மூடியும் திருகு மூடியும் வந்துவிட்டன. தக்கை விலைபோகாவிட்டால், இந்தக் காட்டை யார் பராமரிப்பார்கள்? ஒரு காலத்தில் அருகிவந்த ஐபீரிய லின்க்ஸ் காட்டுப்பூனைக்கும் இதுபோன்ற காடுகள்தான் வீடு.

அடுத்த முறை ஷட்டில்காக்கைக் கையில் எடுக்கும்போது, அந்தத் தக்கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். யாரோ ஒரு தாத்தா தன் பேரனுக்காக நட்ட மரம் அது!