விரகாலூர் பாதிரியாரும் புனே வழக்கும்

புனே சனிவார்வாடாவில் 2017 டிசம்பர் 31 அன்று நடந்த எல்கார் பரிஷத் கூட்டத்தின் பேரில், விஷ்ராம்பாக் போலீஸ் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. அவ்வழக்கில் சேர்க்கப்பட்ட தமிழர், பாதிரியார் ஸ்டான் சுவாமி.

திருச்சி ஜில்லா விரகாலூரில் 1937-ல் பிறந்தவர். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகப் பல்லாண்டு பாடுபட்டார். விசாரணையின்றிச் சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக ஹைகோர்ட் படியேறினார்.

மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டை மறுத்த அவர், 2020 அக்டோபர் 8-ல் ராஞ்சியில் கைதானார். அப்போது வயது 83. நடுக்குவாதத்தால் தம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சு குழல் கேட்டார். அதற்கும் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

2021 ஜூலை 5-ல் மும்பை ஆஸ்பத்திரியில் காலமானார். ஜாமீன் மனு அன்றும் ஹைகோர்ட்டில் நிலுவையில் இருந்தது. விசாரணைக் கைதிகளுக்காக வாதாடியவர், தாமும் விசாரணைக் கைதியாகவே கண் மூடினார்.