கள்ளு ஒரு நாளில் புளிக்கிறது, ஏல் பியர் ஏன் மாதக்கணக்கில் நிற்கிறது?

காலையில் இறக்கிய பனங்கள்ளு மாலையாகும்போதே கடுக்கத் தொடங்கிவிடும். மறுநாள் அதை வாங்க ஆளில்லை. வடக்கில் பல சீவல் தொழிலாளர் குடும்பங்களின் வருமானம் இந்த ஒரு நாளுக்குள்ளேயே அடங்கிப் போகிறது. மேலைநாடுகளில் வீட்டில் காய்ச்சப்படும் கடும் ஏல் பியரோ மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. இத்தனைக்கும் இரண்டையும் நொதிக்கச் செய்வது பெரும்பாலும் ஒரே இன மதுவம்தான்.

ஏல் காய்ச்சுவோர், முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமையை உடைத்து, ஏறத்தாழ 66 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவிடுவர். தானியத்திலுள்ள நொதியங்களே மாப்பொருளைச் சீனியாக்கிவிடும். வடித்த சாற்றை மேலும் ஒரு மணிநேரம் கொதிக்கவைக்கையில் ஹொப்ஸ் என்ற கொடியின் பூக்கள் சேர்க்கப்படும். தொடக்கத்தில் போடுவது கசப்புக்கு, இறக்கும் தறுவாயில் போடுவது வாசனைக்கு. பிறகு 20 பாகையளவுக்குக் குளிரவைத்து, மதுவம் இட்டு, மூடிய கலத்தில் ஓரிரு வாரம் விடுவர். தானியத்தைக் கூட்டினால் சீனியும் கூடும், அற்ககோலும் 8 வீதத்தைத் தாண்டும்.

ஹொப்ஸின் கசப்பு வெறும் சுவைக்கானது அல்ல. பியரைப் புளிக்கவைக்கும் இலாக்டிக் அமில பற்றீரியாக்கள் பெரும்பாலானவற்றை அது வளரவிடாது.

அப்படியானால் கள்ளிலும் ஹொப்ஸைப் போட்டால் என்ன? பெரிய பயனிராது. கள்ளை வினாகிரியாக்குவது அசற்றிக் அமில பற்றீரியா. ஹொப்ஸ் அதற்குப் பெரிய தடையல்ல. அதற்கு வேண்டியது ஒக்சிசன். தவிர, கள்ளு கொதிக்கவைக்கப்படுவதில்லை. பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்படும், ஆனால் அப்போது கிடைப்பது கள்ளு அல்ல, கருப்பநீர்.

ஆகவே கள்ளைக் கள்ளாகவே காப்பதென்றால், காற்றுப்புகாமல் போத்தலில் அடைத்துச் சூடேற்ற வேண்டும். தனியொரு தொழிலாளியால் இது இயலாது. இயந்திரமும் முதலும் வேண்டும், அதனால்தான் கூட்டுறவுச் சங்கங்கள் இதில் இறங்கின.

ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி, வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கலன் வரை சொந்தப் பாவனைக்கு வரியின்றிப் பியர் காய்ச்சலாம். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பதைத் தடுக்கிறது. புலம்பெயர் உறவினர் செய்முறையை அனுப்பினாலும் ஊரில் காய்ச்சிப் பார்க்க முடியாது.

போத்தலில் அடைப்பதற்கும் முதலில் மரம் வேண்டும். பதுங்குகுழிகளுக்கென்று தறிக்கப்பட்ட பனைகளும், எறிகணையில் வட்டிழந்து மொட்டையாய் நின்ற பனைகளும் பல. புதிதாக விதைத்த பனை சீவும் பருவத்தை அடைய 15 ஆண்டுகளுக்கு மேலும் எடுக்கலாம்.