உங்களுக்குத் தெரியுமா? டயர் சொல்லும் கணக்கு

ஓசூரில் ஆலை நடத்தும் ஏத்தர் எனர்ஜி, 2022 ஜூலையில் தன் 450எக்ஸ் மின்சார ஸ்கூட்டருக்கு ஒரு கூடுதல் வசதியைக் கொண்டுவந்தது. முன் டயர், பின் டயர் இரண்டின் காற்றழுத்தமும் டேஷ்போர்டிலேயே தனித்தனி எண்ணாகத் தெரியும்.

சக்கரத்துக்குள் இருக்கும் சிறு சென்சார் அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்புகிறது. பல கார்களில் இந்த சென்சார் கிடையாது. காற்று குறைந்த சக்கரம் சற்று வேகமாகச் சுழலும், ஏ.பி.எஸ். சென்சார்கள் அதைக் கவனித்து எச்சரிக்கை விளக்கை மட்டும் எரியவிடும். எத்தனை பி.எஸ்.ஐ. என்று அதனால் சொல்ல முடியாது. எண்ணைக் காட்டும் முறைதான் மேல்: மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சரை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஓசூரின் காலைக் குளிரில் கிளம்பி, வெயிலேறும் நேரத்தில் கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் எண் தானாகவே கூடும். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால், 30 பி.எஸ்.ஐ. டயரில் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. உயரும். கோளாறு என்று பயந்து வழியில் காற்றைத் திறந்துவிடாதீர்கள். டயர் ஆறியபின் பார்க்கும் அளவையே கணக்கில் கொள்ளுங்கள்.